மூக்கிக்கு வேறு முகம்

"இது எங்கப்பா வண்டியே இல்ல! எத்தனை தடவை சொல்றது? இது வேற வண்டி!"

"கத்தாதண்ணா. தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! கேக்கத்தானே கத்தறேன்!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் ஒட்டுக்கேட்கும் பழக்கம் கிடையாது. லாரி கொட்டகையைப் பார்த்தாற்போல எங்கள் சமையலறை ஜன்னல் அமைந்தது கொத்தனார் செய்த ஏற்பாடு. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

கொட்டகை நடுவில் அந்த லாரி நின்றிருந்தது. பச்சை நிறம், நீண்ட மூக்கு. இன்றைய லாரிகளெல்லாம் சுவரில் முட்டிய முகத்தோடு சப்பையாக வருகின்றன. இது அந்தக் காலத்து ஜாதி. இன்ஜின் முழுக்க முன்னால் நீட்டிக்கொண்டு போகும். அதனால்தான் லாரிக்காரர் அதற்கு மூக்கி என்று பெயர் வைத்து, தகட்டில் எழுதி நெற்றியில் மாட்டியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

கத்தியது அவருடைய ஒரே மகன். வெளிநாட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தங்கை கல்யாணத்துக்காக வந்தவன். கையில் கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே செருகுகிற இரும்புக் கம்பி. கதவைத் திறந்த கையோடு அதைக் கீழே வைக்க மறந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டீசல் டிரம்மில் ஓர் அடி வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பி எனக்கு நெடுநாள் விரோதி. கதவில் ஒழுங்காக உட்காராது. காற்றடித்தால் தடதடவென்று ஆடி, மதியம் கண்ணயர விடாது.

தங்கை ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ்களையெல்லாம் நேரத்துக்கு ஓட வைக்கும் வேலையில் இருப்பவள். இருபது டிரைவர்களைப் போனிலேயே அடக்குவாள். அண்ணன் ஒருவனை மட்டும் அடக்க முடியவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றவர்தான் குற்றவாளிக் கூண்டில் இருந்தவர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அடுத்த வாரம் இவளைக் கட்டப்போகிறவர். மூன்று மாதத்துக்கு முன்னால் மூக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், துருவெல்லாம் சுரண்டி, மரமெல்லாம் மாற்றி, பெயின்ட் அடித்து அன்றைக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"பழைய வண்டின்னா இப்ப பைத்தியமா அலையறானுங்க. ஒரிஜினலை எவனுக்கோ நல்ல வெலைக்கு வித்துட்டு, எங்கிருந்தோ ஒரு டூப்ளிகேட்டைக் கொண்டாந்து எங்கம்மா முன்னாடி நிறுத்தியிருக்கான்!" டிரம்மில் ஓர் அடி. "ஹெட்லைட் எங்கடா? மட்கார்டு மேல தவளைக் கண்ணு மாதிரி துருத்திட்டு இருக்குமே, அது எங்க?"

பட்டறைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "மரம் மாத்தினேன், பெயின்ட் அடிச்சேன். மூக்கைத் தொடல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மச்சான்."

"மச்சானாம்! அதுக்குள்ள!"

அப்போதுதான் அவர்களுடைய அம்மா, தெரு வழக்கில் லாரியம்மா, வாயைத் திறந்தார். "அவர் வண்டில கை வெச்சவன் எனக்கு மாப்பிள்ளையா வர முடியாது. கல்யாணத்தை நிறுத்திடுவேன்." பிறகு மகனைப் பார்த்தார். "ஆனா நீ சொல்றது பொய்யின்னு ஆச்சுன்னா, இதே இடத்துல அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். யாராவது போய் சர்வேயர் அண்ணியைக் கூட்டிட்டு வாங்க."

நான்தான் போனேன். செருப்புக்கூடப் போடவில்லை.

சர்வேயர் அண்ணி எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட லாரிகளைப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிப்பதே காலமெல்லாம் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டார். அவர் வீட்டில் நாற்காலிகள் தேய்ந்ததே இல்லை, தரைதான் தேய்ந்திருக்கிறது. கருவி என்று பார்த்தால் கொண்டையில் செருகிய ஓர் ஊசி. உதவிக்கு அவருடைய கொழுந்தன். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தவன். வாடிக்கையாளர்களை விட அதிகம் பேசியதால் கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். தெருவில் அவன் பெயர் ஹாரன்.

அண்ணி வந்ததும் யாரையும் விசாரிக்கவில்லை. லாரியை இரண்டு சுற்று சுற்றினார். பிறகு ஹாரனைப் பார்த்து, "கீழ போ" என்றார்.

"அண்ணி, வெள்ளைச் சட்டை."

"அதான் உன்னை அனுப்பறேன். என் புடவை கலர்."

அவன் முனகிக்கொண்டே கேபினுக்கு அடியில் நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த நிலையிலும் வாய் ஓயவில்லை. "கேபின் காலெல்லாம் சேஸ் மேல, அதான் அடிச்சட்டம் மேல, ஒழுங்கா உக்காந்திருக்கு அண்ணி. ஒவ்வொரு இரும்புக் கால்லயும் ரெண்டு ஜோடி ஓட்டை. ஒரு ஜோடியில போல்ட் இருக்கு. இன்னொண்ணுல கிரீஸ் கல்லாட்டம் கெட்டிப்பட்டுக் கிடக்கு. வெளிய வரலாமா, இல்ல இங்கயே குடும்பம் நடத்தட்டுமா?"

"வா." அண்ணி கொட்டகைச் சுவரைக் காட்டினார். "யார்கிட்டயாவது சாக்பீஸ் இருக்கா?"

பஸ் நம்பர் எழுதத் தங்கையின் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை இரண்டாக ஒடித்து, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. "சின்ன வயசுல பாத்த மூக்கியை ஆளுக்கொண்ணு வரைங்க. எதிர்ல நிக்கறதைப் பாக்காதீங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்தும் வரையக் கூடாது."

"பரீட்சையா?" என்றான் அண்ணன்.

"ஆமா. ஃபெயிலானா கல்யாணம் நடக்கும்" என்றான் ஹாரன்.

அண்ணன் மளமளவென்று வரைந்தான். இரண்டு மட்கார்டு, மேலே குச்சிகளில் துருத்திய இரண்டு விளக்குகள். பறவைச் சிறகு போல இரண்டு பக்கமும் தூக்குகிற பானட். மேலே நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்த கண்ணாடி. கடைசியாக, கீழே பம்பருக்கு நடுவில் ஒரு வட்டம். அந்த வட்டத்தை மட்டும் சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்க முயன்றான். வெள்ளை சாக்பீஸ் எப்படிக் கறுக்கும்?

"அது என்ன ஓட்டை?"

"ஹேண்டில் போடற ஓட்டை." இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "அப்பல்லாம் செல்ஃப் கிடையாது. ஹேண்டிலை மாட்டிச் சுத்தினாத்தான் ஸ்டார்ட் ஆகும். சில நேரம் திருப்பி அடிக்கும்."

தங்கையின் படத்தில் மூக்கே இல்லை. இரண்டு கண்ணாடி, நடுவில் கம்பி, ஒரு ஸ்டீயரிங், பூப்போட்ட சீட்டு, கதவில் தொங்குகிற தோல் பட்டை. எல்லாம் உள்ளேயிருந்து பார்த்தது.

"நீங்க முன்னாடி நின்னு பாத்ததே இல்லையா?" என்று அண்ணி தங்கையைக் கேட்டார்.

"எங்க நின்னேன்? அப்பா ஏத்தி உக்கார வெப்பாரு. உக்காந்ததும் தூங்கிடுவேன்."

"தம்பி, நீங்க இதைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"கை ஒடிஞ்சப்போ. அப்புறம் சித்தி வீட்ல படிக்கப் போட்டாங்க. லீவுக்கு வந்தாலும் நான் கொட்டகைப் பக்கம் வரமாட்டேன். இது மூஞ்சிலயே முழிக்கறதில்லன்னு இருந்தேன்."

"இவ்வளவு வெறுத்த வண்டி போனா என்ன, இருந்தா என்ன?" ஹாரன் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. கம்பி டிரம்மில் இறங்கிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இடம் மாறிப் படுத்தது.

அண்ணி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே நிற்கும் மூக்கியின் விளக்குகள் மட்கார்டுக்குள் புதைந்திருந்தன. பானட் முதலை வாய் மாதிரி முன்னாலிருந்து பிளக்கிற ரகம். பம்பரில் ஓட்டை இல்லை. ஆனால் கண்ணாடி இரண்டுதான், நடுவில் கம்பியும் இருந்தது.

"ம்" என்றார் அண்ணி. "வண்டி எடு. பட்டறைக்குப் போலாம்."

பட்டறையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஹாரன் வந்து சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

பட்டறைக்காரர் பைக்கில் முன்னே போனார். தங்கை பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அவருடைய முதுகிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள், முதுகு பதில் சொல்லவில்லை. அங்கே பாதி கட்டிய பாடிகள், மரத்தூள், ரம்பச் சத்தம். அண்ணி ஒவ்வொரு மூலையாக நடந்தார். ஹாரன் வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே பலகை அடுக்கின் பின்னால் எட்டிப் பார்த்தான். ஒரு தார்ப்பாய். தூக்கினான்.

லாரி மூக்கு ஒன்று. தனி மூக்கு. துருத்திய தவளைக் கண்கள், சிறகு பானட், பம்பருக்கு நடுவில் ஓர் ஓட்டை. அங்கங்கே உதிர்ந்த இடத்தில் பச்சை.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா?"

தங்கை ஓடிவந்து பார்த்தாள். சுவரில் அண்ணன் வரைந்ததற்கு யாரோ உயிர் கொடுத்து இங்கே வைத்த மாதிரி இருந்தது.

"என்ன இது?"

பட்டறைக்காரர் தார்ப்பாயை இழுத்து மறுபடி மூடப் பார்த்தார்.

"மூக்கைத் தொடலன்னு எங்கம்மா முன்னாடி சொன்னீங்களே. என்ன இதுன்னு கேக்கறேன்."

"கேக்காதேன்னு சொன்னேனே" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில்.

அவள் அழவில்லை. போனை எடுத்து மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு வரை எதுவும் ஏற்பாடு பண்ண வேண்டாம்" என்றாள். பஸ் ரத்து என்று சொல்கிற அதே குரல். பிறகு நடந்தே கிளம்பிவிட்டாள். அவர் பின்னால் இரண்டு அடி எடுத்து வைத்து, நின்று, ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, உடனே எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

அண்ணி கொண்டை ஊசியை உருவினார். பானட்டைக் கீறினார். அங்கங்கே பச்சை தெரிந்த இடங்களில் உதிர்ந்திருந்தது மஞ்சள். மேலே மங்கிய மஞ்சள், அதற்குக் கீழேதான் பச்சை.

"பச்சைக்கு மேல மஞ்சள்" என்றார்.

"அதனால?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி பச்சை வண்டிலேருந்து கழட்டின மூக்குக்கு, மஞ்சள் அடிச்சு, வெயில்ல மங்க வெச்சு, உதிர விட்டுக் கொண்டாந்து ஒளிச்சு வெப்பாங்களா? ஹெட்லைட்டுக்குள்ள பாரு."

ஹாரன் எட்டிப் பார்த்தான். விளக்குக் கிண்ணம் முழுக்க மண் கூடு. ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்குமாடிக் குடியிருப்பு. "குளவிங்க பரம்பரை பரம்பரையா குடியிருந்திருக்கு. இப்ப காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, வாடகைத் தகராறோ என்னவோ."

"ஆக இது ரொம்ப காலமா வெட்டவெளியில சும்மா கிடந்திருக்கு." அண்ணி ஊசியால் பானட் மடிப்பைக் கிளறினார். வெள்ளைப் பொடி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நேராகப் பட்டறைக்காரரிடம் திரும்பினார். "எந்த கிரஷர் மாப்பிள்ளை?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கிரஷர்னு எப்படித் தெரியும்?"

"மஞ்சள் பெயின்ட், கல்லுப் பொடி. கல்யாண வீட்லேருந்தா வந்திருக்கும்? எந்த கிரஷர்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் கேக்கல. நீங்க வாயைத் திறந்ததாவும் ஆகாது."

அவர் யோசித்தார். பிறகு கையை நீட்டித் திசையைக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

கல் உடைக்கும் ஆலைக்குள் நுழைந்த உடனே ஹாரனின் வெள்ளைச் சட்டை மறுபடி வெள்ளையாகிவிட்டது. லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடைக்குப் பக்கத்தில் ஓர் அறை. உள்ளே ஒரு பெண், முப்பதைத் தாண்டியவள், முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நிற்கும் லாரிகளை ஜன்னல் வழியே அதட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியின் மகள், இப்போது அவள்தான் முதலாளி.

"இங்க ஒரு பழைய லாரி மூக்கு கிடந்துதாமே" என்று ஆரம்பித்தான் ஹாரன்.

"கடலைத் தோலை என் தரையில போடாதீங்க."

"தரை எங்க இருக்கு? பொடிதான் இருக்கு."

"அந்தப் பொடிதான் எங்க தரை."

ஹாரன் வாய் மூடியது. அண்ணி தன் வாழ்நாளில் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாராம்.

அண்ணி விஷயத்தைச் சொன்னார்: கல்யாணம், பழி, மூக்கு. அந்தப் பெண் கைக்குட்டையை அவிழ்த்தாள். "பச்சை வண்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எங்கப்பாவுக்கு வித்தவரையும் ஞாபகம் இருக்கு. ஆனா அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவர் வீட்டு ஆளுங்ககிட்டதான் சொல்லுவேன்."

"வண்டில ஏறுங்க" என்றார் அண்ணி. வண்டி என்றது ஹாரனின் ஸ்கூட்டரை. அண்ணி ஆட்டோவில் வந்தார். பட்டறையிலிருந்து அந்த மூக்கு ஒரு குட்டியானை வேனில் ஏறி வந்தது, கூடவே பட்டறைக்காரரும்.

வெயில் இறங்குகிற நேரத்தில் கொட்டகையில் எல்லாரும் மறுபடி கூடியிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. லாரியம்மா சேலைத் தலைப்பை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். தங்கை பட்டறைக்காரரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். தனி மூக்கு இறக்கப்பட்டதும் அண்ணன் துள்ளினான். "பாத்தியாம்மா! பாத்தியா! இதான்! இவன் பட்டறையிலேருந்தே வருது!"

"இருங்க தம்பி, இன்னும் முடியல. கம்பியை ஆட்டாதீங்க, எனக்குத் தலை சுத்துது." அண்ணி இரண்டு மூக்குகளுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தார். "நான் காலமெல்லாம் பாத்தது மூக்குதான். லாரி மோதினா முதல்ல அடிபடறது அதுதானே. இது மூத்த மாடல். விளக்கு வெளிய நிக்கும், பானட்டு ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி தூக்கும், ஹேண்டிலுக்கு ஓட்டை இருக்கும். அடுத்து வந்தது இந்த முதலை வாய். விளக்கை மட்கார்டுக்குள்ள புதைச்சான், செல்ஃப் குடுத்தான், ஓட்டையை அடைச்சான். அதுக்கும் அப்புறம் மூக்கே இல்லாம சப்பையா வர ஆரம்பிச்சுது."

"எங்க குடும்ப போட்டோ மாதிரி" என்றான் ஹாரன். "தாத்தா மூக்கு, அப்பா மூக்கு, என் மூக்குன்னு தேஞ்சுக்கிட்டே வருது."

எடைமேடைப் பெண் சிரித்தாள். அவன் காதுகள் சிவந்ததை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

"ஆனா கம்பெனி குடுக்கறது மூக்கும் சேஸும் மட்டும்தான்" என்றார் அண்ணி. "கேபின் இங்க பட்டறையில கட்டறது. மர வேலை. அதனால மூக்கோட வயசு வேற, கேபினோட வயசு வேற. இந்த வண்டில மூக்கு இளசு, கேபின் மூப்பு. அந்தக் கேபின் கால்ல ரெண்டு ஜோடி ஓட்டை. ஒண்ணு, இப்ப நிக்கற சேஸுக்கு. இன்னொண்ணு, முன்னாடி நின்ன சேஸுக்கு. அந்தப் பழைய ஓட்டையில கிரீஸ் கல்லாகிக் கிடக்கு; மூணு மாசத்துல ஆகற வேலை இல்ல. கேபினை ஒரு லாரியிலேருந்து எடுத்து இன்னொரு லாரி மேல வெச்சிருக்காங்க, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. தம்பி பாத்தது பழைய மூக்கை. தங்கச்சி பாத்தது கேபினை. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம்."

"யாரு மாத்தினது?" என்றார் லாரியம்மா.

அண்ணி எடைமேடைப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் லாரியம்மா பக்கம் திரும்பினாள். "நான் அப்ப சின்னப் பொண்ணு. ஒரு மத்தியானம் ஒரு பச்சை லாரி வந்துது. கேபினே இல்ல. வெறும் மூக்கும் சேஸும், நடுவுல ஒரு மரப்பெட்டி, அது மேல உக்காந்து ஒருத்தர் ஓட்டிட்டு வந்தாரு. காத்துல தலைமுடியெல்லாம் நட்டுக்கிட்டு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவர் சிரிக்கல. எங்கப்பாகிட்ட வண்டியைக் குடுத்தாரு. ஸ்டார்ட் பண்ண ஹேண்டில் எங்கன்னு அப்பா கேட்டாரு. தரமாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"'வண்டி உங்களுது. ஹேண்டில் மட்டும் தரமாட்டேன். எம்புள்ள கையை ஒடிச்சது அது. இன்னொரு வீட்டுப் புள்ள கையில அதைக் குடுக்க எனக்கு மனசு வரல.' இப்படித்தான் சொன்னாரு. எங்கப்பா கடைசிவரைக்கும் அந்த வண்டியைச் சரிவுல நிறுத்தி, உருட்டி விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணாரு."

 

எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்கின்றன. பையன் கையில் கட்டோடு படுத்திருக்க, லாரிக்காரர் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கினார்: "லாரிக்காரன் புள்ளைக்குக் கை ஒடியாம பின்ன எவனுக்கு ஒடியும்? ஒட்டிக்கும் போங்க!" கல் நெஞ்சுக்காரன் என்று தெருவே பேசிற்று. உள்ளே படுத்திருந்தவனுக்கும் அது கேட்டிருக்கும்.

"அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடல" என்றார் லாரியம்மா மெதுவாக. "வயித்துக் கோளாறுன்னு நினைச்சு மருந்து வாங்கிக் குடுத்தேன். அதையும் பேசாம குடிச்சுட்டாரு மனுஷன்."

"நீங்க பாக்கலையாம்மா, மூக்கு மாறினதை?" என்றான் ஹாரன்.

"எனக்கு லாரின்னா பச்சையா இருக்கும், சத்தம் போடும். உள்ள நான் தெச்ச சீட்டு உறை இருந்துது. மூக்கை யாரு பாத்தா?"

தங்கை இப்போது பட்டறைக்காரரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கேபினைத் தூக்கினப்போ ரெண்டு ஓட்டையைப் பாத்தேன். எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னது ஞாபகம் வந்துது. மாத்தி வெச்சவரு அவர்தான். வெளிய சொல்ல மாட்டேன்னு உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருந்தாரு. பெத்த புள்ளைக்காக வண்டியை வித்தான்னு தெரிஞ்சா தெரு சிரிக்கும்னு பயந்தாராம் உங்கப்பா." அவர் தனி மூக்கைத் தொட்டார். "மனசு கேக்கல, தேடிப் போய் இதை வாங்கிட்டேன். வாங்கினப்புறம் மாட்டவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. மாட்டினா எல்லாம் வெளிய வந்துடும். அதான் தார்ப்பாய் போட்டேன்."

அண்ணன் இன்னும் முகத்தை விறைப்பாகத்தான் வைத்திருந்தான். "கதை நல்லாத்தான் இருக்கு. யாரோ எவரோ வந்து சொல்றாங்க. எங்கப்பாதான் வித்தாருன்னு என்ன நிச்சயம்? அந்த ஹேண்டில் எங்க? காட்டுங்க, நம்பறேன்."

அண்ணி அன்றைக்கு முதல் தடவையாக நடையை நிறுத்தினார்.

"தம்பி, காலையிலேருந்து கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"இதா? கதவுக் கம்பி."

"யாரு வெச்சது கதவுக்கு?"

"அப்பா. நான் சித்தி வீட்டுக்குப் போனப்புறம் வெச்சிருப்பாரு."

"கதவுக்குக் குறுக்கே போட நேர் கம்பி போதும். இது ஏன் ரெண்டு இடத்துல மடங்கியிருக்கு?"

அவன் கையைப் பார்த்தான். நீளமாக வந்து, ஒரு மடிப்பு. கொஞ்சம் போய், இன்னொரு மடிப்பு. முடிவில் ஒரு பிடி. அதற்கு மேல் பச்சை பெயின்ட் அடித்திருந்தார் மனுஷன்.

அவனே குனிந்தான். தனி மூக்கின் முன்னால் மண்டியிட்டு, கம்பியின் முனையைப் பம்பர் ஓட்டையில் விட்டான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கதவில் ஒரு நாளும் ஒழுங்காக உட்காராத சனியன், அங்கே இம்மியும் ஆடாமல் உட்கார்ந்தது. பிடி அவன் உள்ளங்கைக்கு நேராக நின்றது. சுற்றுவான் என்று நினைத்தேன். அவன் பிடியை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

எழுந்தபோது நேராகப் பட்டறைக்காரரிடம்தான் போனான். "தப்பாப் பேசிட்டேன் மச்சான்" என்றான். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் எங்கள் ஜன்னல் இருந்ததால் நான் கொஞ்சம் பின்னால் நகர வேண்டியதாயிற்று.

"மூத்த மூக்கை எடுத்து மாட்டிடட்டுமா?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"வேணாம். அப்பா மாத்தினது மாத்தினபடியே இருக்கட்டும்."

தங்கை போனை எடுத்தாள். "மண்டபமா? நான்தான் பேசறேன். எல்லாம் பழையபடி. ஆமா, மத்தியானம் நிறுத்தச் சொன்னதும் நான்தான். டைம் டேபிள் மாறிடுச்சு, அவ்வளவுதான்."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாலையை எடுத்துக் கொடுத்தது அண்ணன்தான். தங்கை இப்போது பட்டறைத் தெருவில் இருக்கிறாள். அந்தத் தனி மூக்கைப் பட்டறை வாசலுக்கு மேல் மாட்டியிருக்கிறார்களாம், குளவிகள் மறுபடி குடிவந்துவிட்டனவாம். லாரியம்மா மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கே பார்ப்பதற்கு ஜன்னலில் ஒன்றுமே இல்லை என்று போனில் அழுகிறார். ஹாரன் எடைமேடைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கிரஷரோடு போனான். நாள் முழுக்க அந்த இயந்திரச் சத்தத்துக்கு மேல் அவன் கத்துவதாகவும், அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சிரிப்பதாகவும் கேள்வி. அண்ணிக்கு இப்போது உதவிக்கு ஆள் இல்லை. என்னைக் கேட்டிருக்கிறார், யோசிக்கிறேன்.

மூக்கி கொட்டகையில்தான் நிற்கிறாள். அந்தக் கம்பியை விமானத்தில் விடமாட்டோம் என்று தகராறு செய்தார்களாம்; அண்ணன் சண்டை போட்டு, தனியாகப் பெட்டி கட்டி எடுத்துப் போனான். அதனால் கொட்டகைக் கதவை இப்போது கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் சத்தமே இல்லை. எனக்குத்தான் மதியத்தில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.